நிக்கற வண்டியை எழுத மாட்டியா?

டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, வண்டி எண்ணுவது. வீட்டில் சொன்னபோது சிரித்தார்கள். அட்டையில் செருகிய படிவம், இரண்டு பேனா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எட்டு மணி நேர ஷிஃப்ட். கார் போனால் கார் கட்டத்தில் ஒரு கோடு, லாரி போனால் லாரி கட்டத்தில் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டிவிட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். 2008 கடைசியில், வடசென்னையில் துறைமுகத்துக்குப் போகும் சாலைகளில் ஒன்றில், ஏழு பகல் ஏழு ராத்திரி நடந்த கணக்கெடுப்பு. எனக்கு விழுந்தது ராத்திரி ஷிஃப்ட்.

மூன்றாம் ராத்திரி, மணி இரண்டு இருக்கும். என் நாற்காலிக்கு எதிரே இடப்பக்கம் முழுக்க கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. இன்ஜினை அணைத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. ஒரு டிரைவர் வண்டிக்கடியில் பாய் விரித்திருந்தார். இன்னொருவர் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எடுத்து, சக்கரத்தின் மறைவில் வைத்து உலை ஏற்றிவிட்டு என் பக்கம் நடந்து வந்தார். சங்ககிரிக்காரர். ஐம்பது வயதுக்குக் குறையாது.

“என்ன கண்ணு எழுதறே?”

“போற வண்டிக் கணக்குண்ணே. ரோட்டப் பெருசு பண்றதுக்காக எடுக்கறோம்.”

படிவத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டிரெய்லர் கட்டத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்கு மொத்தம் ஆறு கோடு. திரும்பித் தன் வண்டிக்குப் பின்னால் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்த வரிசையைப் பார்த்தார்.

“ஓடற வண்டியத்தான் எழுதுவியா? நிக்கற வண்டிய எழுத மாட்டியா?”

சிரித்து மழுப்பினேன். அப்புறம் இத்தனை வருடமாகச் சாலைத் திட்ட அறிக்கைகளோடுதான் பிழைப்பு. எந்தச் சாலைக்கு முதலில் பணம் போகவேண்டும் என்று வரிசைப்படுத்தும் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கேட்டதைவிடச் சரியான கேள்வியை அங்கே யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

அந்தக் கோடுகள் எங்கே போகின்றன என்று சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லா வண்டிகளையும் காராக மாற்றுவார்கள். பிசியு என்பார்கள்; ஒரு வண்டி சாலையில் எத்தனை காரின் இடத்தை அடைக்கிறது என்ற கணக்கு. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 64ஆம் எண் நெறிமுறை, 1990இல் வந்தது, ஊருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கார் 1. பைக் அரை. லாரியும் பஸ்ஸும் 3. டிரெய்லர் நாலரை. கைவண்டி 3. எல்லாவற்றுக்கும் மேலே, பட்டியலின் ராஜாவாக, மாட்டுவண்டி 8! சின்ன மாட்டுவண்டி என்றால் 6 போதும் என்று ஓர் அடிக்குறிப்பு வேறு. முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். முன்னால் மாட்டுவண்டி போகும்போது பின்னால் நீங்கள் காரில் மாட்டியிருந்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

நகரத்துக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதிலும் மீன்பாடி வண்டி கிடையாது. வடசென்னையில் அது இல்லாத தெரு இல்லை. மூன்று சக்கரம், முன்னால் பலகை, அதில் பழைய இன்ஜினை வேறு பொருத்தியிருப்பார்கள். அதை நான் ஆட்டோ கட்டத்தில் எழுதினேன். பகல் ஷிஃப்ட் பையன் சைக்கிள் ரிக்‌ஷா கட்டத்தில் எழுதினான். ஏழாம் நாள் பார்த்தால் எங்கள் சாலையில் பகலில் ஆட்டோவே குறைவு, ராத்திரியில் மட்டும் கூட்டம். அந்த அறிக்கை அப்படியே போய்ச் சேர்ந்தது.

இது சின்னத் தப்பு. பெரிய தப்பு சங்ககிரிக்காரர் சொன்னது.

சமவெளியில் இருவழிச் சாலைக்கு நாளொன்றுக்கு 15,000 பிசியு வரை தாங்கும் என்பது அதே நெறிமுறையின் கணக்கு. அதை நெருங்கினால் நாலுவழி கேட்கலாம். எண் பெரிதாக இருந்தால் பட்டியலில் மேலே போவீர்கள். நெரிசல் லேசாக இருக்கும்வரை இதில் குற்றமில்லை. சாலை ஒரேயடியாக அடைத்துக்கொண்டால் எண் தலைகீழாகிவிடும். அப்போது நாங்கள் எண்ணுவது வர நினைத்த வண்டிகளை அல்ல, எப்படியோ தப்பித்துப் போன வண்டிகளை. தெருக்குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. மணிக்கு ஆறு குடம்தான் நிரம்பியது. அதனால் இந்தத் தெருவில் ஆறு குடத்துக்குத்தான் தேவை என்று எழுதினால் எப்படியிருக்கும்? நான் எழுதியது அதுதான். அந்த ராத்திரி டிரெய்லர் கட்டத்தில் விழுந்த ஆறு கோட்டை நாலரையால் பெருக்கினால் 27. ஏதோ கிராமத்துச் சாலை என்று நினைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் திட்டமிடுபவர்களுக்குத் தெரியாததல்ல. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாதது அட்டவணைக்கு வராது. அட்டவணைக்கு வராதது தரவரிசைக்கு வராது.

பிசியு இடத்தைத்தான் அளக்கும், எடையை அளக்காது. எடைக்குத் தனியாக அச்சுச்சுமை சர்வே. போலீஸ் துணையோடு லாரிகளை ஓரங்கட்டி, ஒவ்வோர் அச்சையும் எடைப் பலகையில் ஏற்றி இறக்க வேண்டும். லாரிக்காரர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது; நாங்கள் ஆர்டிஓ ஆட்கள் என்று செய்தி பரவி, அடுத்த அரை மணியில் அந்தச் சாலையில் லோடு லாரியே வராது. இந்தச் சர்வேதான் சரக்குப் பாதைகளின் உயிர்நாடி. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊர்ப் பக்கம் வட்டமாகச் சாலை போட்டு, ராணுவ டிரைவர்களை வைத்து லாரிகளை ஓயாமல் ஓட்டிச் சோதித்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச்சுமையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு.

2018 ஜூலையில் ஒன்றிய அரசு நாலு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்டால் 13 விழுக்காடுதான். நான்காம் அடுக்கில் போட்டுப் பாருங்கள், முழு லோடு அடிக்கும் வண்டி தரும் சேதம் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். லாரி உரிமையாளருக்கு அது லாபம், சரக்குக் கட்டணத்துக்கும் நல்லது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் போட்டு முடித்திருந்த சாலைகள் பழைய வரம்பை நம்பித் தடிமன் பார்த்துப் போட்டவை. புதுச் சாலைக்கும் பழைய சாலையின் பராமரிப்புக்கும் நடுவே பணத்தைப் பிரிக்கும்போது, இந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுபவர் அபூர்வம். பராமரிப்புக்கு அடிக்கல் நாட்டு விழா கிடையாது.

எண்ணிக்கையும் எடையும் வந்தபின் எதிர்காலம். ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு போக்குவரத்து வளரும் என்று ஒரு ஊகம் வேண்டும். 5 என்று வைத்தால் இன்றைய 10,000 பிசியு 20 ஆண்டில் 26,500 ஆகும். நாலுவழி போதும். ஏழரை என்று வைத்தால் 42,500. ஆறுவழி கேட்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ளது இரண்டரை விழுக்காடு, அதுவும் ஒரு எக்செல் கட்டத்தில். யார் வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றியவர் பெயர் எங்கும் இருக்காது. அந்த எண்ணை வைத்து, சாலை போட்டால் மிச்சமாகும் டீசல், டயர், பயண நேரம், குறையும் விபத்து எல்லாவற்றையும் ரூபாயாக்கி, செலவோடு ஒப்பிட்டுப் பொருளாதார வருவாய் விகிதம் போடுவார்கள். 12 விழுக்காட்டைத் தாண்டினால் திட்டம் தேறியது என்பது நெடுங்கால வழக்கம். நான் பார்த்த அறிக்கைகளில் 11.4 வந்து தோற்ற திட்டம் ஒன்றுகூட இல்லை. ஏதாவது ஒரு கட்டத்தைத் தட்டினால் 12.6 ஆகிவிடும். பொய் என்று சொல்லமாட்டேன். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது மாதிரி. முடிவு செய்துவிட்டு ஜோசியரிடம் போனால் பத்துக்கு ஏழு எப்படியும் வந்துவிடும்.

சரி, நிஜமாக ஒரு பாதை எப்படி முன்னால் வருகிறது, பின்னால் போகிறது? சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தேவை எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளிலிருந்து ஒரு கன்டெய்னர் நாற்பது கிலோமீட்டரைச் சுலபமாகக் கடந்துவிடும். அப்புறம் ஊருக்குள் நுழைய ராத்திரி வரை காத்திருக்க வேண்டும், அதற்கும் அப்புறம் வரிசை. நகரத்துக்கு மேலே, கூவம் கரையோடு, 19 கிலோமீட்டருக்கு நாலுவழி மேம்பாலம் என்று முடிவாகி, 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பு சுமார் 1,815 கோடி ரூபாய். தூண்கள் எழும்பின. 2012இல், ஆட்சி மாறியபின், தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தூண்கள் மட்டும் வெறுந்தலையோடு நின்றன. கோயம்பேட்டுப் பக்கம் அந்த வழியாகப் போய் வந்தவர்களுக்கு அவை பழகிப்போன முகங்கள்.

2022 மே மாதம் இரண்டாம் அடிக்கல். இந்த முறை பிரதமர் மோடி. நீளம் கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர், மதிப்பு 5,850 கோடிக்கு மேல், இரண்டடுக்கு. மேலடுக்கு துறைமுகத்துக்குப் போகும் கனரக வண்டிகளுக்கு. கீழடுக்கு, சிவானந்தா சாலைக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே, ஊர்க்காரர்களுக்கு.

இரண்டாம் அடுக்கு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பொறியியலுக்காக அல்ல. முதல் வடிவத்தில் நகரம் தன் ஆற்றைக் கொடுக்கும், தூசியை வாங்கிக்கொள்ளும். மேலே போகும் லாரி எதுவும் இந்த நகரத்துக்காரருக்காக ஓடாது. சரக்குக்கு ஓட்டு இல்லை. அந்தத் திட்டத்துக்காகத் தெருவில் இறங்க யாரும் இல்லாமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். கீழே ஓர் அடுக்கு சேர்ந்ததும் அண்ணா நகர்க்காரருக்கும் அரும்பாக்கத்துக்காரருக்கும் அதில் பங்கு வந்துவிட்டது. துறைமுகச் சாலை ஒன்று, நகரத்தின் சம்மதத்தை வாங்க நகரச் சாலையாக வேடம் கட்டியிருக்கிறது. மோசமான வேடமல்ல.

இடைப்பட்ட காலத்தில் சரக்கு சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகம் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாள்வதை நிறுத்தியது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. 2013இல் காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் முனையம் திறந்தது. வழி அடைபட்டால் சரக்கு வேறு வழியைப் பழகிக்கொள்ளும், பழகியபின் திரும்ப அழைப்பது கஷ்டம். 2007இல் கேட்டால் இந்தப் பறக்கும் சாலைதான் முதல் திட்டம். 2022இல் கேட்டால், எண்ணூரிலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோயில் வழியாக மாமல்லபுரம் வரை ஏறத்தாழ 133 கிலோமீட்டர் போகும் எல்லைச் சாலை முதலா, இது முதலா என்று இரண்டு பேர் நேர்மையாகவே சண்டை போடலாம். தரவரிசை என்பது ஒரு தேதியில் எடுத்த போட்டோ. நம் ஊரில் அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போகிறோம்.

எல்லைச் சாலையில் இன்னொரு வேடிக்கை. புதிதாக வயல்வெளியில் போடும் சாலையில் எந்த வண்டியை எண்ணுவது? அதற்குத்தான் ஓ.டி. சர்வே. வண்டியை நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன லோடு என்று கேட்பது. பதில்களை மண்டலமாகப் பிரித்து, புதுச் சாலை இருந்தால் இவர்களில் எத்தனை பேர் அதில் திரும்புவார்கள் என்று மதிப்பிடுவார்கள். “ஒசூர்ல ஏத்தினேன் தம்பி, எங்க எறக்கணும்னு ஆபீஸ்ல இருந்து போன் வரணும்” என்று சொன்னவரை எந்த மண்டலத்தில் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2017இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதல் கட்டம், 34,800 கிலோமீட்டர், 5,35,000 கோடி ரூபாய், இந்த வகைக் கணக்கின் மேல் கட்டியதுதான். ஏறத்தாழ 600 மாவட்டங்களுக்கு இடையே சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைந்து, கனமான கோடுகளைப் பொருளாதாரப் பாதைகள் என்று பெயரிட்டார்கள். மாநிலத் தலைநகரங்களை இணைக்கும் பழைய பழக்கத்தைவிட இது மேல் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் வரைந்த பட்டியல் வரைந்தபடி இருக்குமா? அதில் சென்னை – மதுரை என்று இருந்த இடத்தில் சென்னை – சேலம் வந்து உட்கார்ந்தது. அதுதான் 2018இல் நாம் எல்லோரும் பேசிய 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் எட்டுவழிச் சாலை. சேலத்துக்கு ஏற்கெனவே கிருஷ்ணகிரி வழியாக ஒன்று, உளுந்தூர்ப்பேட்டை வழியாக ஒன்று இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்று விவசாயிகள் கேட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம், ஆனால் நிலப் பதிவேடுகளில் முன்கூட்டியே செய்த மாற்றங்கள் செல்லாது என்றது. எந்த ஊரை எந்த ஊரோடு இணைப்பது என்பது அரசின் கொள்கை முடிவு என்ற நிலை அங்கே நின்றது.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். எனக்குள்ள உறுத்தல் வேறு. 600 மாவட்டச் சரக்கை அளந்து போட்ட வரிசையில் ஒரு பெயர் மாறும்போது, எந்த எண் மாறியதால் மாறியது என்பதை நாலு பேருக்குப் புரியும்படி ஒரே பக்கத்தில் போட்டிருந்தால், தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயி அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தாவது சண்டை போட்டிருப்பார்.

நிலம் என்றதும் இன்னொன்று. எண்பது, தொண்ணூறு விழுக்காடு நிலம் கையில் வந்தால்தான் ஒப்பந்ததாரரிடம் வேலையை ஒப்படைப்பது என்பது இப்போதைய நடைமுறை. பழைய தாமதங்களில் சூடுபட்டு வந்த நல்ல விதி. அதன் பக்கவிளைவு, யாருக்கும் அவசரமில்லாத, பொட்டல் வழியாகப் போகும் சாலை மளமளவென்று முன்னால் வந்துவிடும்; மூச்சுத் திணறும் துறைமுகச் சாலை ஒரு கோயில், நாலு குடியிருப்பு, ஒரு நீதிமன்றத் தடையோடு பின்னால் நிற்கும். ஆண்டு இறுதியில் எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்றுதான் கேட்பார்கள். பொட்டல் கிலோமீட்டரும் கிலோமீட்டர்தானே.

அந்தச் சங்ககிரிக்காரர் வரிசையில் நின்ற நேரத்துக்கு அறிக்கையில் விலை உண்டா? கார்ப் பயணியின் நேரத்துக்கு வருமானத்தை வைத்து ஒரு விலை போடுவோம். லாரி டிரைவருக்கும் ஏதோ ஒன்று போடுவோம். அதெல்லாம் சாலையில் ஓடும் நேரத்துக்கு. துறைமுகக் கேட்டுக்கு வெளியே நிற்கும் நேரம் சாலைக் கணக்கிலும் வராது, துறைமுகக் கணக்கிலும் வராது. அவருக்குச் சம்பளம் டிரிப்புக்கு இவ்வளவு, அப்புறம் படிக்காசு. “மாசம் பதினஞ்சு டிரிப்பு ஓடுன வண்டி கண்ணு, இப்ப ஏழைத் தாண்ட மாட்டேங்குது” என்றார். சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனவர், திரும்பி வரும்போது எனக்கும் ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்தார்.

இன்று அந்த நேரத்தை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2016இல் மும்பைப் பக்கம் ஜேஎன்பிடி துறைமுகத்தில் தொடங்கி, மற்ற துறைமுகங்களுக்கும் வந்துவிட்டது கன்டெய்னரில் ஒட்டும் ரேடியோ பட்டை. எந்தப் பெட்டி எந்தக் கேட்டை எப்போது கடந்தது என்று தெரியும். 2021இலிருந்து டோல்கேட்டில் ஃபாஸ்டேக் கட்டாயம். இரண்டு டோலுக்கு நடுவே ஒரு லாரி எவ்வளவு நேரம் தொலைந்து போனது என்று தெரியும். லோடோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் சரக்கு புறப்படும் இடமும் சேரும் இடமும் இருக்கின்றன. தரவு கொட்டிக் கிடக்கிறது. திட்ட அறிக்கைக்கான படிவத்தில் மட்டும் இன்னும் அந்தப் பழைய கட்டங்கள். என் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது கம்பத்தில் கேமரா இருக்கிறது. திரையில் ஒரு கோடு போட்டிருக்கும். வண்டி அந்தக் கோட்டைத் தாண்டினால் எண் ஏறும். தாண்டாவிட்டால் ஏறாது.

சில வருடங்களுக்கு முன், வேறு ஒரு துறைமுகச் சாலையின் அறிக்கை வேலையில், நானே ஒரு கட்டத்தைச் சேர்த்துப் பார்த்தேன். பைக் வைத்திருந்த ஒரு பையனைப் பிடித்து, மணிக்கு ஒருமுறை கேட்டிலிருந்து கிளம்பிப் போய், வரிசையின் கடைசி வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் குறித்து வரச் சொன்னேன். ஏழு நாளும் செய்தான். காலை ஆறு மணி: மாரியம்மன் கோயில். ஒன்பது மணி: பெட்ரோல் பங்க் தாண்டி. மதியம்: கோயில். இரவு பதினொன்று: முட்டுச்சந்து டீக்கடை. இரவு இரண்டு: டீக்கடைக்கும் அந்தப் பக்கம், இருட்டு, தெரியவில்லை.

மேலாளர் பொறுமையாகத்தான் படித்தார். நல்லா இருக்கு, ஆனா படிவத்துல இதுக்கு இடம் இல்ல, பின்னிணைப்புல போடலாம் என்றார். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து டீக்கடையைச் சுழித்தார். “டீக்கடைன்னு எல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாதுப்பா, செயினேஜ் போடு, எத்தனையாவது கிலோமீட்டர்னு.”

மறுநாள் பைக்கில் நானே போனேன். டீக்கடைக்காரர் எதற்கு அளக்கிறீர்கள், கடையை எடுத்துவிடுவீர்களா என்று பயந்துபோய் ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டு நின்றார். கேட்டிலிருந்து 5.8 கிலோமீட்டர்.